கதவில்லாத பட்டணம்

திருவாதவூர்
9-2-1941

யூனுஸுக்கு,

ஆண்டிச்சாமி எழுதுவது. இரண்டரை வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறாய். நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நலமாக இருப்பாய் என்று தெரியும்.

என் சித்தப்பா மகன் கருப்பு மதுரை மில்லில் வேலை பார்க்கிறான். லீவுக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பழைய பத்திரிகை வாங்கி வருவான். இந்தத் தடவை கொண்டு வந்ததில் உன் பேரைப் பார்த்தேன். ‘ரத்தினபுரி’ என்று தொடர்கதை எழுதுகிறாய். ஆறு வாரம் வந்திருக்கிறது. ஆறையும் ஒரே மூச்சில் படித்தேன்.

பேரை மாற்றினால் எனக்கு அடையாளம் தெரியாதா? படிக்கட்டு ஏறிப் போகும் ஆறு, ஆள் நடந்தால் தலை திருப்பும் கல் குதிரைகள், பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக இரண்டு நிலா. பசுமலையில் பள்ளிக்கூடம் விட்டதும் குன்று மேல் ஏறி உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் கட்டிய பட்டணம் அது. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நீ படம் வரைவாய், நான் தெருக்களுக்குப் பேர் வைப்பேன். ஒருத்தன் ‘சரி’ என்று சொல்லாமல் மற்றவன் ஒரு கல்லைக்கூட நகர்த்தக்கூடாது என்று சத்தியம் செய்தோம். மூன்று வருஷம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினோம்.

நீ ராஜா வேண்டும், சேனை வேண்டும் என்றாய். நான்தான் பாழடைந்த பட்டணமாக இருக்கட்டும் என்றேன். மரத்தைத் தின்னும் காற்று ஒன்று வீசியது. கதவு, ஜன்னல், நிலை எல்லாவற்றையும் தின்றுவிட்டது. ஜனங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். கல் மட்டும் நிற்கிறது என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ அப்போது கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஊர்களில் ஆள் இல்லாத வீட்டுக்குள்தான் என்னால் வாசல் வழியாக நுழைய முடியும். ராணியின் மெத்தையில் உட்கார்ந்து நாம் மாங்காய் தின்றோமே, ராணி ஊரில் இருந்திருந்தால் நான் எங்கே நின்றிருப்பேன்?

நீ ஜனங்களைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டாய். வீட்டுக்கு வீடு கதவு மாட்டிவிட்டாய். ஆறாம் வாரத்தில் புது ராஜா ஊர்கூட்டி விருந்து வைக்கிறான். ‘அவரவர் வழக்கத்துக்கு ஏற்றபடி தனித்தனி மண்டபங்களில் இலை போடப்பட்டது’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எழுதும்போது உன் கை கொஞ்சமும் நிற்கவில்லையா?

என்னிடம் ‘சரி’ கேட்காமல் செய்தாய். என் பங்கை அதிலிருந்து எடுத்துவிடு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஆ. ஆண்டிச்சாமி

* * *

786

காஜிமார் தெரு, மதுரை
14-2-1941

அன்புள்ள மாப்ள,

உன் கடிதத்தைத் தபால்காரர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன். வைதிருக்கிறாய் என்று தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது. நான் எழுதிய கடிதம் நாலு, பதிலில்லை. நீ எழுதாமலே இருந்துவிடுவாயோ என்று பயந்துகொண்டிருந்தேன். வைவதற்காவது எழுதினாயே.

என் பக்கத்தைச் சொல்கிறேன், கேள். அத்தாவின் ஜவுளிக்கடையில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை என்று உனக்குத் தெரியும். ஒரு வாரப் பத்திரிகையில் புரூப் திருத்துகிறேன். ஒரு நாள் தொடர்கதை எழுத வேண்டியவருக்கு டைபாய்டு. ஆசிரியர் என்னைப் பார்த்து, “ஏம்ப்பா, ஒங்கிட்ட ஏதாச்சும் சரக்கு இருக்கா?” என்றார். எனக்கு வேறென்ன தெரியும்? நம் பட்டணத்தைச் சொன்னேன். யூனாண்டிபுரம் என்று பேரைச் சொன்னதும் வெற்றிலை புரையேறும் அளவுக்குச் சிரித்தார். ரத்தினபுரி அவர் வைத்த பேர். நான் சண்டை போட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். உன் பாதிப் பேரும் என் பாதிப் பேரும் ஒன்றாகத்தான் போயின.

முதல் மூன்று வாரம் பாழாகத்தான் வைத்திருந்தேன். நாலாம் வாரம் அவர், “ஆளே இல்லாத ஊர்ல வாசகன் யாரு மூஞ்சியப் பாப்பான்?” என்று கேட்டார். ஜனங்களைக் கொண்டு வந்தேன். கொண்டு வந்தபோது உன்னைத்தான் நினைத்தேன். பாழாய்ப் போனதைத் திரும்பக் கட்டினால் நீ எங்கேயாவது படித்து மனம் இளகுவாய் என்று நினைத்தேன். நம்பினால் நம்பு.

அந்த மண்டப வரி தானாக வந்தது. எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் பார்த்தது அதுதான். இந்து விருந்தாளிகளுக்குப் பக்கத்து வீட்டை வாடகைக்குப் பிடித்து, சைவச் சமையல்காரரை வைத்து, புதுப் பாத்திரம் வாங்கித் தனியாகச் சமைப்போம். அவர்கள் மனம் கோணக்கூடாது என்பதற்காக. அது மரியாதை மாப்ள. அக்கா மெஹருன்னிசாவின் நிக்காவுக்கு நீ வந்தபோதும் அந்த மரியாதையில்தான் உன்னை அந்தப் பந்திக்கு அனுப்பினேன். அங்கே ஏதோ மனஸ்தாபம், நீ சாப்பிடாமல் போய்விட்டாய் என்று மறுநாள்தான் கேள்விப்பட்டேன். கல்யாண வேலையில் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

பதினாலு வாரத்தோடு கதை முடிகிறது. எப்படி முடிக்க வேண்டும் என்று நீ சொல். நீ ‘சரி’ என்று எழுதிய பிறகுதான் பேனாவைத் தொடுவேன். அம்மா உன்னை விசாரித்தாள்.

உன்
யூனுஸ்

* * *

திருவாதவூர்
23-2-1941

யூனுஸுக்கு,

‘ஏதோ மனஸ்தாபம்’ என்று எழுதியிருக்கிறாய். என்ன நடந்தது என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. நானே சொல்கிறேன்.

உன் அக்கா கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே என் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். “யூனுஸ் வீட்ல ஒரு பெரிய தட்டுல சோத்தப் போட்டு நாலு பேரு சுத்தி உக்காந்து ஒண்ணாச் சாப்புடுவாகளாம்மா. அதுக்குச் சஹன்னு பேரு.” அவள் நம்பவில்லை. “ஒரே தட்டுலயா? ஒன்னயுமா?” என்றாள். ஆமாம் என்றேன். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். என் வேட்டியை எத்தனை முறை வெளுத்தாள் என்று அவள் கைக்குத்தான் தெரியும்.

நான் உங்கள் வாசலில் நுழைந்தேன். நீ சிரித்த முகமாக வந்து, “மாப்ள, ஒங்களுக்கு அந்தப் பக்கம்” என்று கை காட்டினாய். போனேன். இலையில் உட்கார்ந்தேன். உப்பு வைத்தார்கள், பச்சடி வைத்தார்கள். எதிரே இருந்தவர், “தம்பிக்கு எந்த ஊரு?” என்றார். திருவாதவூர் என்றேன். “திருவாதவூர்ல எந்தத் தெரு?” என்றார். நான் வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தவன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. எங்கள் தெருவைச் சொன்னேன். அவர் எழுந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். சமையல்காரர் ஓடி வந்து என் காதருகே குனிந்து, “தம்பி, கோவிச்சுக்கிறாத. பின்னாடி கொல்லைப்பக்கம் வந்துரு, ஒனக்குத் தனியாத் தாரேன்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. பாவம், வியர்த்துக்கொண்டிருந்தார்.

காஜிமார் தெருவிலிருந்து தெப்பக்குளம் வரை நடந்தே வந்தேன். வீட்டில் அம்மா, “ஒரே தட்டுலயா சாப்ட்ட?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்து அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அது.

நீங்கள் யார் மனமும் கோணக்கூடாது என்றுதான் இரண்டு பந்தி வைத்தீர்கள். என்னை எந்தப் பந்தியில் வைப்பது என்று நீ ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். உங்கள் பந்தியில் என்னை யாரும் தெருப் பேர் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உண்மையாகவே மறுநாள்தான் தெரியுமா?

கதையைப் பற்றி: காற்று திரும்ப வரட்டும். கதவுகளைத் தின்றுவிட்டுப் போகட்டும். ஜனங்கள் இருந்தால் இருக்கட்டும், கதவு மட்டும் வேண்டாம்.

எனக்கு மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வருஷ ஒப்பந்தம். பங்குனிக் கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பல். அம்மாவுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

ஆ. ஆண்டிச்சாமி

* * *

786

மதுரை
9-3-1941

ஆண்டி,

பதிலுக்குப் பதினாலு நாள் எடுத்துக்கொண்டேன். ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். கிழித்ததெல்லாம் நன்றாக எழுதியவை. இது அப்படி இருக்காது.

மறுநாள் தெரிந்தது என்று எழுதியது பொய். நான் அப்போதே பார்த்தேன்.

விருந்தாளிகள் மேல் பன்னீர் தெளிக்கச் செம்போடு அந்தப் பக்கத்து வீட்டு வாசலுக்கு வந்தேன். அந்த இரண்டு பேரும் எழுந்து நிற்கிறார்கள். சமையல்காரர் உன்னிடம் குனிந்து பேசுகிறார். நீ இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாலு அடி எடுத்து வைத்து உன் கையைப் பிடித்து, “எந்திரி மாப்ள, எங்க சஹனுக்கு வா” என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அத்தா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அம்மா சந்தோஷப்பட்டிருப்பாள். ஆனால் எழுந்து நின்ற இரண்டு பேரும் அத்தா கடைக்கு வருஷக்கணக்காக வருகிறவர்கள். அவர்கள் முன்னால் உன்னைக் கூப்பிட்டால் அவர்களைக் குத்திக்காட்டியதாக ஆகும், கல்யாண வீட்டில் கலகம் வரும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாக இரண்டரை வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிஜமாக ஒன்றும் நினைக்கவில்லை. பயந்தேன். அவ்வளவுதான். பன்னீர்ச் செம்போடு திரும்பி வந்து எங்கள் பந்தியில் தெளித்தேன்.

நீ என்னைப் பார்த்தாயோ என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். பார்க்கவில்லை என்று உன் கடிதத்தில் தெரிந்தபோது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வந்ததற்காக என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. அதனால்தான் சொல்லிவிட்டேன்.

ஆசிரியரிடம் காற்றைப் பற்றிப் பேசினேன். “கதவப் பிடுங்குனா கள்ளன் வர மாட்டானாய்யா?” என்று கேட்டார். வந்தால் வரட்டும், ரத்தினத்தைக் கொண்டுபோகட்டும் என்றேன். வேலையை விட்டுவிடுவேன் என்றும் சொன்னேன். ஒப்புக்கொண்டார். பங்குனி 22, வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயம் வரும்.

நீ கப்பல் ஏறுவதற்குள் உன்னைப் பார்க்க வேண்டும். மார்ச் முப்பது, ஞாயிற்றுக்கிழமை திருவாதவூருக்கு வாரேன். வரவேண்டாம் என்றால் ஒரு கார்டு போடு. கார்டு வராவிட்டால் வருவேன்.

யூனுஸ்

* * *

786

மதுரை
31-3-1941

மாப்ள,

நேற்று உன் வீட்டிலிருந்து திரும்பியதிலிருந்து மனசு சரியில்லை. எல்லாம் நன்றாகத்தானே நடந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, “அங்க என்னத்தச் சாப்ட்ட?” என்றாள். இளநீர் என்றேன். “வேற?” என்றாள். வேறொன்றும் இல்லை என்றேன். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒத்தக்கடையில் இறங்கி வெயிலில் நடந்து வந்தேன். நீ கண்மாய்க் கரையில் நின்று எனக்காகக் காத்திருந்தாய். தோளில் கை போட்டாய். அந்தக் கை அங்கே இருந்த வரை நான் எதையும் நினைக்கவில்லை. வீட்டு வாசலில் உன் அம்மா நின்றார்கள். “வாங்கய்யா, சாப்புடுறீகளா?” என்று கேட்டார்கள். நான், “இல்லம்மா, சாப்ட்டுத்தான் வந்தேன். ஒங்களுக்கு எதுக்குச் செரமம்” என்றேன்.

நான் சாப்பிட்டு வரவில்லை. காலையில் ஒரு டீ, அவ்வளவுதான். எங்கள் வீடுகளில் சாப்பிடுகிறாயா என்று கேட்டவுடன் உட்கார்ந்துவிட்டால் சோற்றுக்கு அலைகிறவன் என்பார்கள். முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கையைப் பிடித்து இழுப்பார்கள். மூன்றாம் தடவை திட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் உட்காருவோம். சின்ன வயசிலிருந்து அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். நான் இரண்டாம் தடவைக்குக் காத்திருந்தேன்.

உன் அம்மா மறுபடி கேட்கவில்லை. உள்ளே போய்விட்டார்கள். நீ இளநீர் வெட்டிக் கொடுத்தாய். கொட்டகையில் உட்கார்ந்து மலாயாவைப் பற்றியும் யுத்தத்தைப் பற்றியும் பேசினோம். உள்ளேயிருந்து குழம்பு வாசனை வந்துகொண்டே இருந்தது. நான் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். “ஆத்தா, பசிக்குது” என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? நீ இரண்டாம் தடவை கேட்டிருந்தால் என்று உன் மேலும் கொஞ்சம் கோபம் வந்தது. ஏன் கேட்கவில்லை மாப்ள? இன்னும் உனக்கு என் மேல் ஆறவில்லையா?

யூனுஸ்

* * *

நாகப்பட்டினம்
8-4-1941

அன்புள்ள மாப்ள,

உன் கடிதத்தைக் கருப்பு இங்கே கொண்டு வந்து கொடுத்தான். அவன்தான் என்னை வழியனுப்ப வந்திருக்கிறான். கப்பல் நாளைக் காலை. பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், கோணலாக இருக்கும்.

கடைசி அத்தியாயத்தை ரயிலடிக் கடையில் வாங்கிப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். கதவெல்லாம் போன பிறகு ஜனங்கள் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் எட்டிப் பார்க்கக் கூச்சப்பட்டு, தெருவிலேயே நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று முடித்திருக்கிறாய். ஒருத்தரும் உள்ளே நுழையவில்லை. காற்று வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவன் நான். உனக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கிறது. என் ‘சரி’யை வைத்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ பன்னீர்ச் செம்போடு நின்றதை எழுதினாயே, அன்றைக்கே போய்விட்டது. வேறு யாரும் எனக்கு அப்படி எழுதியதில்லை.

எங்கள் தெருவுக்கு வெளியூர் ஆட்கள் வருவார்கள். தாசில்தார் ஆபீஸ் ஆள், ஓட்டுக் கேட்க வருகிறவர், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். நல்லவர்கள்தான். வாசலில் நின்று சிரித்துப் பேசுவார்கள். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், “சாப்ட்டுத்தான் வந்தேன்” என்பார்கள். அத்தனை பேரும் அதே வார்த்தை. இந்த வீட்டில் சாப்பிட மாட்டேன் என்பதை மனம் நோகாமல் சொல்லும் வழி அது. அதைக் கேட்டால் நாங்கள் மறுபடி கேட்கமாட்டோம். கேட்டால் அவர்களுக்குச் சங்கடம். இளநீர் வெட்டிக் கொடுப்போம். இளநீரில் எங்கள் பாத்திரம் படாது.

நீ அந்த வார்த்தையைச் சொன்னதும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு தென்னை மரத்துக்குப் போய்விட்டேன். இது யூனுஸ் ஆயிற்றே, இவன் வீட்டு வழக்கம் என்னவோ என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். உன்னை யோசிக்கச் சொல்லி எழுதியவன் நான். எனக்குப் பயம் மாப்ள. இரண்டாம் தடவை கேட்டு, நீ மறுபடி வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போக எனக்குத் தெம்பில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் போகலாம் என்றுதான் இருந்தேன். கறி என்றால் உங்கள் ஆள் அறுத்திருக்க வேண்டும், மீனுக்கு அந்தச் சட்டம் இல்லை என்று நீ பள்ளிக்கூடத்தில் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. அன்று விடியுமுன்னே அம்மாவும் நானும் கண்மாயில் இறங்கி அயிரை பிடித்தோம். தண்ணீர் வற்றிக் கிடக்கிறது, அரைச் சட்டி மீனுக்கு மூன்று மணி நேரம் சேற்றில் நின்றோம். அவள் பால் ஊற்றி அதை மண் கக்க வைத்தாள். நம் மூன்று பேருக்கும் ஒரு தட்டு வேண்டும் என்று எங்கள் தெருச் சோணையம்மாள் வீட்டில் பெரிய பித்தளைத் தாம்பாளம் கேட்டு வாங்கிப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். “ஒரே தட்டுல சாப்புடுறத இன்னைக்கி நானும் பாத்துருவேன்” என்றாள்.

நீ வெயிலில் ஒத்தக்கடைப் பக்கம் நடந்து போனதை அவள் கொட்டகை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழம்பை அண்டை வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, தாம்பாளத்தைத் திரும்பக் கொண்டு போய்க் கொடுத்தாள். அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

உன்
ஆண்டி